சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு

ஆறு மணி நாற்பது நிமிடம்.

காலை பத்து இருபதுக்கு வெளியிலிருந்து தாழ் போடப்பட்ட ஓய்வறைக் கதவு, மாலை ஐந்து மணிக்குத்தான் திறந்தது. உள்ளே படுத்திருந்த டிரைவர் அதற்குள் யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்க முடியாத நிலைக்குப் போயிருந்தார்.

அது நடந்து இன்றோடு ஒன்பது நாள். பேருந்து டிப்போவின் விசாரணை அறிக்கை தயாராகிவிட்டது. "பணி நேரத்தில் மது அருந்தியிருந்தார். வாந்தி மூச்சுக்குழாயை அடைத்ததால் இறந்தார்." இரண்டே வரி. மாலை ஐந்து மணிக்கு அதில் கையெழுத்து விழும். முப்பத்தொரு வருடம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர், குடித்துச் செத்தவர் என்று காகிதத்தில் ஏறிவிடுவார். ஏறியதை இறக்குவது லேசான காரியம் இல்லை.

அதைத் தடுக்கச் சொல்லித்தான் டிரைவரின் மகள் ஊசியைத் தேடி வந்திருந்தாள்.

ஊசி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவள் பதினொரு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்தவள். டாக்டர்கள் எழுதும் சீட்டில் தப்பு இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவாள். குத்துபட்ட டாக்டர் ஒருவர் வைத்த பெயர் அது. வேலை போயிற்று, பெயர் போகவில்லை. இப்போது சாவுகளில் தப்பு தேடுகிறாள். அதிகம் பேசமாட்டாள். அந்த வேலையை அவள் சைரனிடம் விட்டிருந்தாள்.

சைரன் இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டியை விட்டு இறங்கியபோது சத்தத்தை மட்டும் தொண்டையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மேடம், இதுக்கு ஓய்வறைன்னு பேர் வச்சவன் ஒரு நாளும் இதுல தூங்கியிருக்க மாட்டான்," என்றார் வாசலில் நின்று.

ஓர் இரும்புக் கட்டில். காலொடிந்த பிளாஸ்டிக் நாற்காலி. உயரத்தில் கையகல ஜன்னல். சிமெண்டுத் தரையை அமிலம் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த நெடி மட்டும் போகவில்லை.

டிப்போ மேனேஜர் கதவோரம் நின்றார். ஐம்பதைத் தாண்டியவர். சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குக் காலையில என்ன நடந்தது?" என்று கேட்டாள் ஊசி.

"ஒன்பது பத்துக்கு முதல் ட்ரிப் முடிச்சு வந்தார். இறங்கும்போதே தள்ளாட்டம். டீசல் பம்ப் பக்கத்துல வாந்தி எடுத்தார். மூச்சு ஒரு மாதிரி ஆழமா, புஸ்ஸு புஸ்ஸுனு விட்டார். கிட்டப் போனா நாத்தம். ஊதச் சொன்னோம். மெஷின் சிவப்பு காட்டிச்சு."

"வண்டியை எங்க நிறுத்தினார்?"

"வழக்கமான இடத்துலதான். கோட்டுக்குள்ள."

"பார்த்தீங்களா மேடம்," என்றார் சைரன். "நாற்பது அடி வண்டியைக் கோட்டுக்குள்ள நிறுத்தியிருக்கார். அஞ்சரை அடி உடம்பைத்தான் நிறுத்த முடியல. நான் பார்த்த குடிகாரங்க எல்லாம் நேர்மாறா பண்ணுவாங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. "அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது சார். ஒன்பது வருஷம் முன்னாடி விட்டுட்டார். விட்டவங்க திரும்பத் தொடறது புதுசா? அதுவும் ஒரு வாரமா வாயில சதா மிட்டாய். புதினா மிட்டாய் டப்பா இல்லாம ஆளைப் பார்க்க முடியாது. எதை மறைக்க?"

"ஏதாவது கேட்டாரா?"

"தண்ணி. தண்ணி தண்ணின்னு கேட்டார். உள்ள விடும்போது நாலு பாட்டில் வச்சோம். சாயங்காலம் நாலும் காலி."

ஊசி அந்த நான்கை மனதில் குறித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் அனுப்பல?"

"தெளிஞ்சிடும்னு நினைச்சோம்."

"யாரு நினைச்சது?"

"நான்தான். கதவைப் பூட்டச் சொன்னதும் நான்தான். அப்படியே எழுதிக்கங்க."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பதினொரு வருட மருந்தக வேலையில் ஊசி எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறாள். தப்பு என்று வந்தால் ஆளாளுக்குக் கையை உதறுவார்கள். இவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்குச் சொன்னீங்களா?"

"போன் பண்ணோம். யாரும் எடுக்கல." அவர் தொலைபேசிப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். காலை 10.05. வீடு. பதில் இல்லை. கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு செருகி வைத்திருந்தார்.

முற்றத்துக்கு வந்ததும் சைரன் குரலைத் தாழ்த்திப் பார்த்தார். முடியவில்லை. "மேடம், பழியை அள்ளித் தலையில கொட்டிக்கற மேனேஜரை இன்னைக்குத்தான் பார்க்கறேன். போட்டோ எடுத்து மாட்டணும்."

"முதல்ல அந்த நாத்தம் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம் அண்ணே. அது ஒண்ணுதான் இப்ப நம்ம கையில இருக்கற நூல்."

*

நூலின் அடுத்த முனை பார்சல் பிரிவில் கிடைத்தது. சாமான் நிறுக்கும் பெரிய தராசு அங்கேதான் இருந்தது. அதற்கு மேல் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கிலோ கணக்கு.

"இது என்ன, மனுஷங்களையும் பார்சல்ல அனுப்பறீங்களா?" என்றார் சைரன்.

பார்சல் கிளார்க் நாற்பது வயதுப் பெண். கழுத்தில் கண்ணாடிக் கயிறு. "எடை குறைக்கிற போட்டி சார். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டறாங்க, எல்லாருக்கும் தொப்பை. தலைமை அலுவலகத்துல ஆரம்பிச்சாங்க. திங்கட்கிழமை காலையில இதுல ஏறி நிக்கணும். ரெண்டு மாசத்துல யாரு அதிகம் குறைக்கிறாங்களோ, அவங்க ஒரு வருஷத்துக்கு எந்த ரூட் வேணும்னு கேட்கறாங்களோ அந்த ரூட்."

"இறந்தவர் எந்த ரூட் கேட்டார்?"

"பன்னிரண்டாம் நம்பர். சின்ன ரூட். ஆறு மணிக்கு முடிஞ்சிடும். ரிட்டயர் ஆக இன்னும் பதினாலு மாசம்தான், அதுல ஒரு வருஷமாவது வீட்டுல எல்லாரோடயும் உட்கார்ந்து சாப்பிடணும்னார்." கிளார்க்கின் குரல் இறங்கியது. "அவர்தான் முதல்ல இருந்தார். ஆறு வாரத்துல எட்டு கிலோ எண்ணூறு கிராம்."

"அம்மாடி! என்ன சாப்பிட்டார்? காத்தா?"

"முட்டை, கறி, கீரை, வெண்ணெய். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, பழம் எதுவும் கிடையாது. மாவுச்சத்து பக்கமே போகக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களாம். எடை பார்க்கற நாளுக்கு முந்தின நாள் அதுவும் இல்ல, வெறும் பட்டினி. அந்தத் திங்கட்கிழமையும் அப்படித்தான் வந்தார்."

ஊசி அட்டவணையின் அருகே போனாள். டிரைவரின் வரிசையில் எண்கள் ஒழுங்காக இறங்கின. எண்பத்தேழு, எண்பத்தைந்து என்று தொடங்கி எழுபத்தெட்டு சொச்சம் வரை. கடைசிக் கட்டம் காலி. கட்டத்துக்கு வெளியே ஓரத்தில், பென்சிலில், 168.

சைரனும் எட்டிப் பார்த்தார். "நூத்தி அறுபத்தெட்டா? ஒரே ராத்திரியில இரட்டையாயிட்டாரா? இல்ல, வண்டியோட சேர்த்து எடை போட்டீங்களா?"

கிளார்க் சிரிக்க முயன்று பாதியில் விட்டாள். "அது எடை இல்ல சார். அவரோட சர்க்கரை."

ஊசி திரும்பினாள். "யாரு பார்த்தது?"

"நான்தான். எனக்கு ஆறு வருஷமா சர்க்கரை இருக்கு. என் மெஷின் எப்பவும் பையில கிடக்கும். விரல்ல ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். கையில வேற காகிதம் இல்ல, இதுல எழுதிட்டேன். நூத்தி அறுபத்தெட்டு. எனக்கே சாப்பிட்டா அதைவிட அதிகமா இருக்கும். சர்க்கரை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அப்போ குடிதான்னு எல்லாரும் முடிவு பண்ணாங்க." அவள் அட்டவணையைப் பார்க்காமல் பேசினாள். "நான் தப்பா எதுவும் பார்க்கல மேடம். மெஷின் சரியான மெஷின்."

"நம்பர் சரிதான்," என்றாள் ஊசி. "அவரோட சாமான் எங்கே?"

*

டிரைவர்களின் இரும்பு அலமாரியில் அவருடைய பை இன்னும் கிடந்தது. ஒரு துண்டு, சீப்பு, மூக்குக்கண்ணாடி, காலி டிபன் பாத்திரம், புதினா மிட்டாய் டப்பா. குடித்ததற்குச் சாட்சியாக அறிக்கையில் ஏறியிருந்த டப்பா.

ஊசி அதைத் திறந்தாள். மேலே நாலைந்து வெள்ளை மிட்டாய்கள். அடியில் மடித்து வைத்த பஞ்சு. பஞ்சுக்குக் கீழே ஆறு மாத்திரைகள். அட்டையிலிருந்து உரித்து எடுத்திருந்தார், பெயர் தெரியாமல் இருக்க. மருந்தகத்தில் பதினொரு வருடம் நின்றவளுக்கு அட்டை தேவைப்படவில்லை. நிறத்தையும், மேலே அழுத்தியிருந்த இரண்டு எழுத்தையும் பார்த்தாள். போதும்.

"சர்க்கரை மாத்திரை," என்றாள்.

"இவருக்கா? பேப்பர்ல எங்கயும் இல்லையே."

"இருக்காது. இங்க சர்க்கரைன்னு தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டு மேசையில உட்கார வச்சிடுவாங்க. பதினாலு மாசத்தை ஓட்டிடலாம்னு மறைச்சிருக்கார்."

அவள் மகளுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டாள். மகளின் குரல் தெளிவாக வந்தது. "இல்லக்கா. அப்பாவுக்கு ஒரு வியாதியும் கிடையாது. இருந்தா என்கிட்ட சொல்லாம இருக்க மாட்டார்."

ஊசி நன்றி சொல்லி வைத்தாள். மகளுக்கும் தெரியாது.

சைரன் டப்பாவை மூக்கருகே கொண்டுபோனார். "மேடம், ஒண்ணு கேட்கறேன். ஆம்புலன்ஸ்ல சில கேஸ் ஏத்துவோம். வாயைத் திறந்தா நெயில் பாலிஷ் அழிக்கற மருந்து நெடி வரும். ஏதோ அழுகிப்போன பழம் மாதிரியும் இருக்கும். மூச்சு இப்படித்தான், ஆழமா இழுத்து இழுத்து விடுவாங்க. தண்ணி தண்ணின்னு கேப்பாங்க. ஆனா அவங்களுக்கெல்லாம் சர்க்கரை ஐநூறு, அறுநூறு. இவருக்கு நூத்தி அறுபத்தெட்டுங்கறாங்களே?"

"அதுதான் அண்ணே இந்த மாத்திரையோட குணம். இது சர்க்கரையைச் சிறுநீர்ல வெளியே தள்ளிடும். ரத்தத்துல ஏற விடாது. மனுஷன் வழக்கமா சாப்பிட்டுக்கிட்டிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இவர் சோத்தையும் நிறுத்திட்டார். உள்ள வர்றதும் இல்ல, இருக்கறதும் வெளியே போகுது. உடம்பு என்ன பண்ணும்? கொழுப்பைப் போட்டு எரிக்கும். அளவில்லாம எரிச்சா ரத்தத்துல அமிலம் சேரும். அந்த நெடி அதுலேருந்து வர்ற அசிட்டோன். வாந்தி, தள்ளாட்டம், தாகம், மூச்சு எல்லாம் அமிலத்தோட வேலை. சர்க்கரை மட்டும் யோக்கியமா நூத்தி அறுபத்தெட்டுல நிக்கும்."

"ஊதற மெஷின்?"

"மலிவு மெஷின். அதுக்குச் சாராயமும் அசிட்டோனும் ஒண்ணுதான்."

சைரன் டப்பாவை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "மாத்திரை எழுதின டாக்டருக்குச் சாப்பாடு தெரியாது. சாப்பாடு சொன்னவனுக்கு மாத்திரை தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் மிட்டாய் டப்பாவுல ஒளிச்சு வச்சுட்டான். ஆறு மணி நேரம் இருந்திருக்கு மேடம். ஆறு மணி நாற்பது நிமிஷம். ஊசியில ரெண்டு மருந்தும் நாலு பாட்டில் குளுக்கோஸும் ஏத்தியிருந்தா எழுந்து உட்கார்ந்து என்கிட்டயே சண்டை போட்டிருப்பார். எத்தனை பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கேன்."

"ஆமா."

"நாறினது வாய் இல்ல மேடம்," என்றார் அவர் கசப்பாக. "நம்ம புத்தி."

மணி இரண்டரை. வழக்கு முடிந்தது போலத்தான் இருந்தது. பிரேதப் பரிசோதனை செய்த இடத்தில் ரத்தமும் கண்ணுக்குள் இருக்கும் திரவமும் எடுத்து வைத்திருந்தார்கள். சாராயம் பார்க்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். கேட்காததை அங்கே பார்க்கமாட்டார்கள். அமிலத்தைப் பார்க்கச் சொல்லி வீட்டார் எழுதிக் கொடுத்தால் ஐந்து மணிக் கையெழுத்து நின்றுவிடும். அவருக்குச் சர்க்கரை இருந்தது, இந்த மாத்திரை சாப்பிட்டார் என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும். மகளுக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

சைரன் வண்டிச் சாவியை எடுத்தார். ஊசி நகரவில்லை.

"என்ன மேடம்? கிளம்பலாம். கேஸ் முடிஞ்சுதே."

"அண்ணே, இவருக்குச் சர்க்கரை இருக்குன்னு டிப்போவுல யாருக்கும் தெரியாது."

"தெரியாது. அதுக்குத்தானே டப்பா."

"குடிச்சுட்டு வந்திருக்கார்னு நினைக்கற ஒருத்தருக்கு யாராவது சர்க்கரை பார்ப்பாங்களா?"

சைரன் சாவியைத் திரும்பப் பையில் போட்டார்.

*

கிளார்க் மெஷினை எடுத்துக் காட்டினாள். அதன் நினைவில் நேரம் பதிவாகியிருந்தது. காலை 10.09.

"உங்களைப் பார்க்கச் சொன்னது யாரு?"

"மேனேஜர்தான் மேடம். டெலிபோன் பக்கத்துல நின்னுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். சீக்கிரம் பார்த்துச் சொல்லுங்கன்னார்."

"கையில போன் இருந்ததா?"

கிளார்க் யோசித்தாள். யோசித்ததும் அவள் முகம் மாறியது. "இருந்தது. நான் நம்பர் சொன்னேன். அதை அப்படியே போன்ல..." அவள் மெஷினை அவசரமாகப் பைக்குள் திணித்தாள்.

மேனேஜர் பேருந்து கழுவும் இடத்தில் நின்றிருந்தார். ஊசி வருவதைப் பார்த்ததும் குழாயை நிறுத்தச் சொன்னார். வண்டி கழுவுகிறவர் வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

"பத்து அஞ்சுக்கு வீட்டுல போனை எடுத்தாங்க," என்றாள் ஊசி. கேள்வியாகக் கேட்கவில்லை.

மேனேஜர் சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டார். முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"மேடம், உங்களுக்கு வேண்டியது அவர் குடிக்கலைங்கறது. அதைக் கண்டுபிடிச்சுட்டீங்க. ரொம்ப சந்தோஷம். பூட்டினது நான். என் பேரை எழுதுங்க, என் வேலையை எடுக்கட்டும், நான் எதுவும் பேசமாட்டேன். பதிவேட்டுல இருக்கறது இருக்கட்டும். அதைத் தோண்டாதீங்க."

"யாருக்காக?"

"உயிரோட இருக்கறவங்களுக்காக," என்றார் அவர். "குழாயைத் திறப்பா."

*

வீடு இரண்டாம் மாடியில். மகள்தான் கதவைத் திறந்தாள். இருபத்தெட்டு வயது. ஒன்பது நாளாகத் தூங்காத கண்கள்.

"உள்ள வாங்கக்கா. வாங்கண்ணா. அம்மா பேச மாட்டாங்க. சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க."

அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. தலையை வாரி இறுக்கிக் கட்டியிருந்தாள். வந்தவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள், அவ்வளவுதான்.

"அவரு குடிச்சுட்டுத்தான் செத்தாரு," என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "எழுதறவங்க எழுதிட்டுப் போகட்டும். இவ எதுக்கு ஊரைக் கூட்டறா?"

"அம்மா!" என்றாள் மகள். "ஒன்பது வருஷமா ஒரு சொட்டு தொடல. எனக்காக விட்டார். நீங்களே நம்பலைன்னா யாரும்மா நம்புவாங்க?"

"பதினாலு வருஷம் நான் தூக்கிட்டு வந்து போட்டவ. எனக்குத் தெரியாத நாத்தமா? நாலு நாளா வீட்டுலயே அடிச்சுது. கேட்டா இல்லைன்னாரு. மிட்டாயை வாயில போட்டுக்கிட்டு இல்லைன்னாரு. அப்புறம் நான் அவர்கிட்ட பேசவே இல்ல."



ஊசி மிட்டாய் டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்கினாள். மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி அம்மாவிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்குத் தெரியும் இல்லையாம்மா?"

அம்மா பார்த்தாள். மறுக்கவில்லை. "சர்க்கரைக்கு. அஞ்சு மாசமா. பொண்ணுகிட்ட சொல்லாதே, டிப்போவுல வாய் தவறிடும்னாரு. சாப்பாடு நான்தான் செஞ்சு கொடுத்தேன். ஒரு மணி சோறு இல்லாம. இந்த மனுஷன் ஒரு விஷயத்தையாவது உருப்படியா பிடிச்சுக்கிட்டு நிக்கறாரேன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத் தெரியுமா? ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சீங்களா?"

ஊசி விளக்கினாள். அலமாரி அருகே சைரனிடம் சொன்னதைவிடச் சின்ன வாக்கியங்களில், மெதுவாக. மாத்திரை என்ன செய்யும். சோறு நின்றால் என்ன ஆகும். நெடி எங்கிருந்து வரும். சர்க்கரை நன்றாக இருப்பதுபோல் எப்படி ஏமாற்றும். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கின.

"அப்போ அது..." என்றாள் அம்மா.

"சாராயம் இல்லம்மா. அவர் குடிக்கல."

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒன்பது நாளாகத் தேக்கி வைத்த அழுகை. நடுவில் சிரித்தாள்கூட. "நான் சொன்னேன்ல. நான் சொன்னேன்லம்மா. அப்பா குடிக்கல."

அம்மா அழவில்லை. அவள் அந்த மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துச் செத்த கணவனோடு எஞ்சிய காலத்தைக் கோபமாகவாவது கழித்துவிடலாம் என்று இருந்தவள் அவள். இப்போது ஊசி அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டாள். ஊசிக்கு அது புரிந்தது. புரிந்தும் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போடணும்மா. அவர் இந்த மாத்திரை சாப்பிட்டார், அமிலம் இருந்ததான்னு பார்க்கணும்னு. மணி மூணே கால். அஞ்சுக்குள்ள கொடுத்தா அந்த அறிக்கை நிக்கும்."

சைரன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்துப் படித்தாள். ஊசி நடந்ததை நடந்த வரிசையில் எழுதியிருந்தாள். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. மகளின் விரல் ஒரு வரியில் நின்றது.

"பத்து ஒன்பதுக்கு சர்க்கரை பார்த்திருக்காங்க, நூத்தி அறுபத்தெட்டு." அவள் நிமிர்ந்தாள். "அக்கா, அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு டிப்போவுல யாருக்கும் தெரியாம இருக்கத்தானே மறைச்சார். அப்புறம் யாரு பார்க்கச் சொன்னது?"

ஊசி மாத்திரைகளைத் திரும்ப டப்பாவில் போட்டாள். சைரன் ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் சுவரைப் பார்த்தார். மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. யாரு? அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல? யாரையும் விடமாட்டேன் நான்."

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்தாள். மகளின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி மடியில் வைத்து, சைரனிடமிருந்து பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயர், கணவர் பெயரோடு சேர்த்து. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன் வந்துச்சு," என்றாள்.

"எந்த போன்?"

"டிப்போவுலேருந்து. மேனேஜர்தான். குடிச்சுட்டு வந்திருக்கார், ரொம்ப முடியாம இருக்கார்னாரு. அவருக்குச் சர்க்கரை இருக்கு, அதை மட்டும் பார்த்துடுங்கன்னேன். போனை வைக்காம காத்துக்கிட்டிருந்தேன். நூத்தி அறுபத்தெட்டுன்னாங்க. நல்லா இருக்கு, அப்போ குடிதான்னு நினைச்சேன்."

"அம்மா..."

"எதுக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமாம்மான்னு கேட்டாரு அந்த மனுஷன். ரெண்டு தடவை கேட்டாரு. பின்னாடி உங்கப்பா குரல் கேட்டுச்சு. என்கிட்ட பேசணும்னு கேட்டாரு. நான் பேசல." அவள் மகளை நேராகப் பார்த்தாள். "ஆம்புலன்ஸ் வேணாம், உள்ள விட்டுக் கதவைப் பூட்டுங்க, தெளியற வரைக்கும் உள்ளயே கிடக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."